வயர்லெஸ் மவுஸ் இணையவில்லையா? ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்கும் முறை

கம்பி உள்ள மவுஸ் இயங்காமல் போனால் பார்க்க வேண்டிய இடங்கள் குறைவு. கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா, செருகிய இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வயர்லெஸ் மவுஸிலோ அந்த ஒரு கம்பியின் இடத்தில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன: மவுஸுக்குள் இருக்கும் செல், அதன் சிறிய ரேடியோ, கணினிப் பக்கத்தில் அந்த ரேடியோவைக் கேட்கும் ரிசீவர் அல்லது புளூடூத் சில்லு, ரிசீவர் செருகியிருக்கும் யூஎஸ்பி போர்ட், இவை அனைத்தையும் ஆளும் இயங்குதளம். இவற்றில் எது விட்டுப்போனாலும் திரையில் தெரியும் அறிகுறி ஒன்றுதான், அம்புக்குறி அசையாது. நல்ல நிலையில் இருக்கும் மவுஸைப் பழுது என்று எண்ணிப் பலர் ஒதுக்கிவைப்பதற்கும் இதுவே காரணம். அந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் செல்லையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, கணினியையும் அணைத்துப் போட்டால் மவுஸ் ஒருவேளை இயங்கிவிடும். ஆனால் எதனால் இயங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உங்கள் மவுஸ் எந்த வகை?

முதல் வேலை, மவுஸைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. கடைகளில் வயர்லெஸ் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் இரண்டு வகை. ஒரு வகை, விரல் நகம் அளவுள்ள ரிசீவரோடு வரும். சிலர் அதை டாங்கிள் என்பார்கள். மற்றொரு வகைக்கு ரிசீவரே கிடையாது; அது கணினிக்குள் இருக்கும் புளூடூத்தோடு நேரடியாகப் பேசும். அதன் அடியிலோ அட்டைப்பெட்டியிலோ புளூடூத் சின்னம் இருக்கும். இரண்டு முறையிலும் இயங்கக்கூடிய மவுஸும் உண்டு. அதில் எந்த முறை என்பதைத் தேர்ந்தெடுக்க அடிப்பக்கத்தில் ஒரு பொத்தானோ நகர்த்தும் சுவிட்சோ இருக்கும், அது தவறான பக்கம் தள்ளப்பட்டிருப்பதே சில வேளைகளில் முழுக் கோளாறும்.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் குழப்பத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அத்தை புதிதாக வாங்கிய மவுஸைக் கணினியின் புளூடூத் பட்டியலில் அரை நாள் தேடிக்கொண்டிருந்தார். அது ரிசீவர் வகை. அந்த ரிசீவரோ செல் போடும் அறைக்குள், செல்லுக்குப் பக்கத்துப் பள்ளத்தில், எடுக்கப்படாமல் இருந்தது. ரிசீவர் வகை மவுஸ் புளூடூத் பட்டியலில் ஒருபோதும் தோன்றாது. அதுபோலவே, புளூடூத் மட்டும் உள்ள மவுஸின் பெட்டிக்குள் ரிசீவரைத் தேடினாலும் கிடைக்காது.

ரிசீவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒரு மவுஸின் ரிசீவர் இன்னொரு மவுஸுக்குப் பொதுவாகப் பொருந்தாது, ஏனெனில் தொழிற்சாலையிலேயே இரண்டையும் ஜோடி சேர்த்து அனுப்புகிறார்கள். வீட்டில் இரண்டு மூன்று மவுஸ் இருந்தால் ரிசீவர்கள் இடம் மாறிப்போவது எளிது. சில நிறுவனங்களின் ரிசீவர்கள் இதற்கு விலக்கு. எடுத்துக்காட்டாக, லாஜிடெக் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய யூனிஃபையிங் ரிசீவரில் ஆறு கருவிகள் வரை சேர்க்கலாம். ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஆறு கதிர்களைக் கொண்ட சின்னம் அதில் இருக்கும். அதே நிறுவனம் 2021-இல் லாஜி போல்ட் என்ற வேறு வகையைக் கொண்டுவந்தது. இவை ஒன்றுக்கொன்று பொருந்தா. ஒன்றின் மவுஸ் மற்றதன் ரிசீவரோடு சேராது. இந்த இரு வகைகளில் ரிசீவர் தொலைந்துபோனால் அதே வகையில் தனி ரிசீவர் வாங்கி, அந்த நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு இணைத்துக்கொள்ளலாம். சாதாரண விலை குறைந்த மவுஸில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது என்பதால், ரிசீவரை மவுஸின் ஓர் உறுப்பாகவே கருதிப் பாதுகாக்க வேண்டும்.

மின்சாரம் வருகிறதா?

மவுஸின் அடியில் உள்ள சுவிட்ச் பச்சை நிறம் தெரியும் பக்கமாகவோ ஆன் என்று எழுதிய பக்கமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். பையில் வைத்து எடுக்கும்போது இந்தச் சுவிட்ச் தானாக நகர்ந்துவிடும். புதிய மவுஸாக இருந்தால், செல்லுக்கும் உலோக முனைக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று நிற்கலாம். அதை உருவி எடுக்கும் வரை மவுஸுக்கு உயிர் வராது.

அடிப்பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். இப்போதைய பல மவுஸ்களில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கைப்பேசியின் செல்ஃபி கேமராவைத் திறந்து, மவுஸின் அடியிலுள்ள துளையை அதற்கு நேரே காட்டினால், பல கைப்பேசிகளில் அந்த ஒளி மங்கலான ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும்.

அடுத்தது செல். பெரும்பாலான மவுஸ்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவு செல்லில் ஓடுகின்றன. ஆனால் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்த செல்லைக் கழற்றி மவுஸில் போட்டுப் பார்ப்பது சரியான சோதனை ஆகாது. கடிகாரம் மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஓடும். ரேடியோ அலையை அனுப்பும் கணத்தில் மவுஸுக்கு அதைவிட அதிகம் தேவைப்படும். ஆகவே உறை பிரிக்காத புதிய ஆல்கலைன் செல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆல்கலைன் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட், மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் வகைச் செல் 1.2 வோல்ட். பின்னதிலும் மவுஸ் பொதுவாக இயங்கும், ஆனால் சார்ஜ் முழுமையாக இருக்கும்போதே செல் தீர்ந்துவிட்டதாக மென்பொருள் காட்டக்கூடும்.

செல் அறைக்குள் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியை வினிகரில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்து உலோக முனைகளைத் துடைத்தால் அந்தக் காரம் முறிந்துவிடும். பிறகு ஈரம் தோய்த்த துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்பே புதிய செல்லைப் போட வேண்டும். சுருள் கம்பி தளர்ந்திருந்தால் அதை மெதுவாகச் சற்று இழுத்துவிடலாம்.

சார்ஜ் செய்யும் மவுஸாக இருந்தால் அரை மணி நேரம் சார்ஜில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் 2015 முதல் சார்ஜ் செய்யும் துளை அடிப்பக்கத்திலேயே இருக்கிறது, 2024-இல் யூஎஸ்பி-சி வந்த பிறகும் அதே இடம்தான். சார்ஜ் ஆகும்போது அதைப் பயன்படுத்த இயலாது என்பது அதன் அமைப்பு, கோளாறு அல்ல.

மவுஸ் இல்லாமல் கணினியை இயக்குவது

மேசைக் கணினி வைத்திருப்போர் இங்கேதான் திகைத்து நின்றுவிடுகிறார்கள்: மவுஸைச் சரிசெய்ய அமைப்புகளுக்குள் போக வேண்டும், போவதற்கு மவுஸ் வேண்டும். கீபோர்டு மட்டும் போதும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். டேப் விசை ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நகர்த்தும், அம்பு விசைகள் பட்டியலுக்குள் மேலும் கீழும் கொண்டுசெல்லும், என்டர் அல்லது ஸ்பேஸ் விசை தேர்ந்தெடுக்கும். விண்டோஸ் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்திவிட்டுப் பிறகு எம் எழுத்தை அழுத்தினால், கணினியோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் வரும். எண் விசைகள் தனியாக உள்ள கீபோர்டில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் கொடுத்தால் எண் விசைகளே அம்புக்குறியை நகர்த்தத் தொடங்கும். 5 என்ற விசை கிளிக் செய்யும்.

மடிக்கணினியில் டச்பேடும் சேர்ந்து இயங்கவில்லையா? மவுஸ் இணைக்கப்பட்டால் டச்பேடை அணைத்துவிடும் அமைப்பு ஒன்று விண்டோஸில் உண்டு. ரிசீவர் செருகியிருந்தாலே மவுஸ் இருப்பதாகக் கணினி கருதிக்கொள்ளும் என்பதால், ரிசீவரைக் கழற்றிப் பாருங்கள்.

ரிசீவர் வகை மவுஸ்

ரிசீவரைக் கழற்றிப் பத்து விநாடி கழித்துச் செருகுங்கள். அப்போது கணினியின் ஒலியைக் கூட்டி வைத்துக் கவனித்துக் கேளுங்கள். கருவி ஒன்று இணைந்ததற்கான ஓசை வந்தால், போர்ட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன, சிக்கல் ரிசீவருக்கும் மவுஸுக்கும் இடையில் என்று பொருள். ஓசையே வரவில்லை என்றால் போர்ட் அல்லது ரிசீவர் மீது ஐயம் கொள்ளலாம். ஓசை கேட்காத கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு செருகினால், பட்டியல் ஒருமுறை துடித்து மாறுவதைக் காணலாம். இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், மற்ற எதையும் தொடும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஓசை வரவில்லை என்றால் வேறு போர்ட்டில் செருகுங்கள். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் ஹப்பை விலக்கிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகுங்கள். பிறகு அதே போர்ட்டில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். பென் டிரைவ் திறந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது. அலுவலகக் கணினிகளில் பாதுகாப்புக் கருதி யூஎஸ்பி கருவிகளை முடக்கி வைத்திருப்பார்கள், அங்கே நிர்வாகம் செய்பவரிடம் கேட்பதே வழி.

ஓசை வந்தும் மவுஸ் இயங்கவில்லை, அல்லது விட்டுவிட்டு இயங்குகிறது என்றால், இடையில் இருக்கும் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அதே அலைவரிசையில்தான் புளூடூத்தும், பழைய வகை வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கின்றன. இவற்றைப் பலரும் அறிவார்கள். பலரும் அறியாதது, ரிசீவருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் யூஎஸ்பி 3.0 போர்ட். அந்தப் போர்ட்டில் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவல் ஓடும்போது வெளிப்படும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனம் இதை விளக்கி 2012-இல் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்கைப் பக்கத்துப் போர்ட்டில் செருகிக் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் தடுமாறுகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைச் செருகி மவுஸ் பேடுக்கு அருகில் வையுங்கள். மேசைக் கணினியின் பின்பக்கம் ரிசீவரைச் செருகியிருப்பவர்களுக்கும் இதுவே நல்ல மருந்து. அங்கே மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் கேபினட்டின் உலோகத் தகடு முழுவதும் நிற்கிறது, ரேடியோ அலை அதை ஊடுருவாது.

இடத்தை மாற்றியும் பலன் இல்லையென்றால் மீண்டும் ஜோடி சேர்த்துப் பாருங்கள். சில மவுஸ்களின் அடியில் கனெக்ட் என்று எழுதிய சிறிய பொத்தான் இருக்கும்; ரிசீவரைச் செருகிய உடனே அதைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பொத்தான் இல்லாதவற்றுக்குக் கையேட்டில் வேறு முறை கொடுத்திருப்பார்கள்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்புச் சொல்லும் சோதனை: மவுஸையும் ரிசீவரையும் சேர்த்து இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். பக்கத்து வீட்டு மடிக்கணினியோ, ஸ்மார்ட் டிவியோகூடப் போதும். அங்கே இயங்கினால் மவுஸ் குற்றமற்றது, இனி பார்க்க வேண்டியது உங்கள் கணினியை மட்டுமே.

அப்படியானால் முதலில் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுத்து மீண்டும் இயக்குவதும் இதுவும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல், விரைவாகத் தொடங்கும் வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்பிவிடும். குழம்பிப்போன நிலையும் அதோடு திரும்பிவிடலாம். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். பிறகும் சரியாகவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் மைஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள பதிவைத் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, ரிசீவரைக் கழற்றிச் செருகுங்கள். விண்டோஸ் அதைத் தானாகவே மீண்டும் நிறுவிக்கொள்ளும். கணினி தூங்கி எழுந்த பிறகு மட்டும் மவுஸ் காணாமல் போகிறது என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் என்ற பதிவைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவல் இருந்தால், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரிசீவர் கணினிக்குத் தன்னைச் சாதாரண யூஎஸ்பி மவுஸ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதற்கு வேண்டிய டிரைவர், அதாவது கருவியை இயக்க இயங்குதளத்துக்கு உதவும் சிறு மென்பொருள், விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே டிரைவரைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று இணையத்தில் வரும் பொது மென்பொருள்களைத் தரவிறக்கவே வேண்டாம். மவுஸ் பிரச்சினையோடு வந்தவர் வைரஸ் பிரச்சினையோடு திரும்ப நேரும்.

புளூடூத் மவுஸ்

புளூடூத் மவுஸ் கணினியைத் தானாகத் தேடி வராது, முதல் முறை நாம்தான் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். மவுஸின் அடியிலுள்ள பொத்தானை மூன்று முதல் ஐந்து விநாடி வரை, விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டால் போதாது; மெதுவாகச் சிமிட்டினால் மவுஸ் பழைய கணினியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருளாக இருக்கலாம். விளக்கு வேகமாகச் சிமிட்டும்போதே விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட் டிவைஸ் என்ற வழியில் சென்று, பட்டியலில் மவுஸின் பெயர் தோன்றியதும் தேர்ந்தெடுங்கள். பழைய மவுஸ் சில எண்களைக் கேட்டால் 0000 என்று கொடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே இணைந்திருந்த மவுஸ் திடீரென்று இணைய மறுத்தால், இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, அது வேறொரு கருவியோடு போய்ச் சேர்ந்திருக்கும். நேற்று டேப்லெட்டில் இணைத்துப் பார்த்திருந்தால் மவுஸ் அதையே நினைவில் வைத்திருக்கலாம். அந்த டேப்லெட்டின் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி இணையுங்கள். 1, 2, 3 என்று எண்ணிட்ட மவுஸ்கள் மூன்று கருவிகளை நினைவில் கொள்ளும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டுமே பேசும்; எந்த எண் எரிகிறது என்று பாருங்கள். மற்றொன்று, இணைக்கும்போது இரு பக்கமும் பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவி ஒரு பக்கத்தில் மாறிப்போயிருக்கும். அப்போது கணினியில் பழைய பதிவை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதிதாக இணைப்பதே தீர்வு. வெறும் கனெக்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதால் பயன் இல்லை. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்களுக்கு இது ஓயாமல் நடக்கும், ஏனெனில் இரண்டு இயங்குதளங்களும் வெவ்வேறு சாவிகளை வைத்திருக்கின்றன, மவுஸோ கடைசியாகப் பெற்றதை மட்டுமே அறியும்.

செட்டிங்ஸில் புளூடூத் என்ற வரியே காணவில்லை என்றால் மவுஸை விட்டுவிட்டுக் கணினியைக் கவனியுங்கள். ஏரோபிளேன் மோட் இயக்கத்தில் இருக்கலாம். இல்லையென்றால் மடிக்கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்கினால் சில்லு விழித்துக்கொள்வதுண்டு. அதுவும் பலிக்காவிட்டால் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் புளூடூத் டிரைவரை எடுத்து நிறுவுங்கள். இன்றைய புளூடூத் மவுஸ்களில் பல, 4.0 பதிப்பில் வந்த குறைந்த மின்சார வகையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 7 அந்த வகையை அறியாது என்பதால், பழைய கணினிக்கு ரிசீவர் வகை வாங்குவதே அறிவுடைமை. மேசைக் கணினியிலோ, மதர்போர்டோடு கொடுத்த ஆன்டெனாவைப் பின்பக்கம் திருகாமல் பெட்டியிலேயே விட்டிருப்பார்கள். ஆன்டெனா இல்லாமலும் புளூடூத் பட்டியல் திறக்கும், ஆனால் மவுஸ் கையெட்டும் தூரத்திலேயே அறுந்து அறுந்து இணையும். வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றுவதும் புளூடூத் மவுஸின் தடுமாற்றத்தைக் குறைக்கும்.

இணைந்திருக்கிறது என்று கணினி சொல்கிறது, கிளிக்கும் வேலை செய்கிறது, அம்புக்குறி மட்டும் நகரவில்லை என்றால் அது இணைப்புக் கோளாறே அல்ல. கண்ணாடி மேசையிலும் பளபளப்பான மேற்பரப்பிலும் ஒளிச் சென்சார் தடுமாறும். ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பாருங்கள். சென்சார் துளையில் தலைமுடியோ நூலோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

புதிய செல் போட்டு, இரண்டு கணினிகளில் சோதித்தும் அசையாத மவுஸ் உண்மையாகவே பழுதானது. உத்தரவாதக் காலம் மீதி இருந்தால் ரசீதோடு கடைக்குச் செல்லுங்கள், ரிசீவரையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். இயங்கும் மவுஸை மாதக் கணக்கில் ஒதுக்கி வைப்பதாக இருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு, ரிசீவரை அதன் பள்ளத்தில் செருகி வையுங்கள். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மவுஸ் இருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் அதற்குரிய ரிசீவரின் பிளாஸ்டிக் பகுதியிலும் ஒரே நிற நகப்பூச்சால் சிறு புள்ளி வைத்துவிடுங்கள்.